வெறுங்காலுடன் நிற்பவர் சிவநேசண்ணை

சிவநேசண்ணை காலமான செய்தி, சுவிஸில், வின்டர்தூர் நிலையத்தில் வேலைக்குப் போகும் ரயிலுக்காகக் காத்து நின்றபோது வந்தது. தொலைபேசியில் அழுகையை அடக்கிக்கொண்டு அவருடைய மகள், "செத்தவீட்டிலை நீங்கள்தான் கதைக்கவேணும் மாமா. அப்பாவை உங்களைப்போல ஆருக்குத் தெரியும்?" என்றாள். ஓம் என்றேன். ரயில் வந்தது, நான் ஏறவில்லை. அவரைத் தெரியாது என்று ஒருமுறை சொன்னவன் நான்.

செத்தவீட்டுக்கு வந்திருந்த உங்களுக்கு அவருடைய பிடிவாதம் புதிதல்ல. முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபது வருடம் ஒன்றாக நின்றோம். அங்கே யாராவது இறந்தால் அன்று வானொலி போட விடமாட்டார். தலைமைச் சமையல்காரர் முணுமுணுத்தாலும் அசையமாட்டார். "மேலை ஒரு மனிசன் கிடக்கு. ஒரு நாள் பாட்டுக் கேக்காட்டி என்ன குறைஞ்சுபோகும்?" என்பார்.

அவர் ஓய்வு பெற்ற கோடையில், கொரோனாவுக்கு முன், ரஷ்யாவின் வோல்கா ஆற்றில் கப்பல் பயணம் போக என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான் சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டு எடுத்து அதிக காலம் ஆகவில்லை. என்னையும் ஒரு சுவிஸ்காரனாகப் பார்க்கமாட்டார்களா என்று நப்பாசை. அதற்கென்றே ஒரு தொப்பி வாங்கியிருந்தேன்.

ஒரு சின்ன ஊரில் கப்பலைக் கரையில் கட்டினார்கள். நீலக் குமிழ்க் கோபுரங்கள் வைத்த தேவாலயம், மரச் சித்திர வேலை செய்த ஜன்னல்களோடு பழைய வணிகர் வீடுகள், எல்லாம் காட்டிவிட்டுக் கடைசியாக ஆற்றங்கரை மேட்டிலிருந்த போர் நினைவுச்சின்னத்துக்குக் கூட்டிப்போனார்கள். கல்லில் அந்த ஊர்ப் பிள்ளைகளின் பெயர்கள். முன்னால் அணையாமல் எரியும் நெருப்பு. வழிகாட்டி பேசிக்கொண்டிருக்கும்போதே சிவநேசண்ணை குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"இதை ஒருக்காப் பிடியும், ரவி."

எல்லோரும் பார்த்தார்கள். நான் கை நீட்டவில்லை. அவர் சப்பாத்தை ஓரமாக வைத்துவிட்டு, மழையில் நனைந்த கல்லில் வெறுங்காலுடன் நடந்துபோய், வழியில் வாங்கிய பூவை வைத்துக் கைகூப்பினார். வேறொரு கப்பலில் வந்த ஜெர்மன் பெண்மணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவர் உங்களோடு வந்தவரா?" என்று என்னிடம் கேட்டார். "இல்லை, எனக்கு அவரைத் தெரியாது" என்றேன். நல்ல ஜெர்மனில், தெளிவாகச் சொன்னேன். சிவநேசண்ணை ஐந்தடி தூரத்தில்தான் நின்றார். நான் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தேன்.

பஸ்ஸில் வழக்கம்போல என் பக்கத்திலேயே வந்து இருந்தார். "என்ர கடைசித் தம்பி சண்டைக்குப் பிறகு எங்கை கிடக்கிறான் எண்டு தெரியாது. அவனுக்கு ஒரு கல்லும் இல்லை. ஆரின்ரையோ பிள்ளையளின்ரை கல்லெண்டாலும் கும்பிடலாம்தானே" என்றார். அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குப் பிறகும் வாய் வரவில்லை.

அங்கே நின்ற ரஷ்யர் ஒருவர் எடுத்துக்கொடுத்த படம் அவருடைய வீட்டு வரவேற்பறையில் தொங்கியது. முன்னால் அவர், தூரத்தில், பஸ்ஸை நோக்கிப் போகும் என் முதுகு. வருகிறவர்களுக்கு, "இது நானும் ரவியும்" என்று காட்டுவார். குத்திக் காட்டுகிறாரோ என்று ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைப் பார்ப்பேன். அப்படி எதுவும் இருந்ததில்லை.

செத்தவீட்டில் பேசினேன். சமையலறையைச் சொன்னேன், வானொலியைச் சொன்னேன். அந்த ஊரைச் சொல்லவில்லை. நீங்களும், "நல்லாய்க் கதைச்சீர்" என்று என் கையைப் பிடித்தீர்கள். கூசிப்போனேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மகள் அந்தப் படத்தை எனக்குத் தந்துவிட்டாள். அவருடையதாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். என் வீட்டில் மாட்டியிருக்கிறேன். யார் இவர்கள் என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன்: வெறுங்காலுடன் நிற்பவர் சிவநேசண்ணை. முதுகைக் காட்டிக்கொண்டு போகிறவன் நான்.