ஒஸ்தாவைக் கடித்த சிங்கப்பூர்க் கிளி

தொண்டியில் முஸ்லிம் வீட்டு ஆண்பிள்ளை எவனுக்கும் மதார் ஒஸ்தாவின் கை படாமல் மீசை முளைத்ததில்லை. முடி இறக்குவது, முகம் வழிப்பது, ஏழெட்டு வயதானால் சுன்னத்துச் செய்து வைப்பது எல்லாமே அந்த ஒரே கைதான். நல்ல கை. சத்தியமாக நல்ல கை. அவர் செய்த புண் சீழ் வைத்ததாக முப்பது வருஷத்தில் ஒரு வீட்டிலும் பேச்சு வந்தது கிடையாது. ஆனால் என்ன பிரயோசனம்? அவர் தெருமுனையில் தலை காட்டினால் போதும், ஆடிக்கொண்டிருந்த கோலிக்குண்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பையன்கள் சிட்டாய்ப் பறப்பார்கள். பெண்பிள்ளைகளுக்குப் பயப்பட ஒரு காரணமும் இல்லை. அதுகளும் சேர்ந்து ஓடும்.

தாய்மார்களாவது சும்மா இருந்தார்களா? "சோத்தத் திங்கிறியா, ஒஸ்தாவைக் கூப்பிடவா?" என்று அவர் பெயரைச் சொல்லியே ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினார்கள். இது ஒரு மனிதருக்கு எப்படி இருக்கும் என்று ஒருத்தியும் யோசித்ததில்லை.

அவருக்கும் அவர் மனைவி சுலைகாவுக்கும் பிள்ளை இல்லை. சுலைகா உயிரோடு இருந்த காலத்தில் ஒரு டப்பா நிறையப் பனங்கற்கண்டு வாங்கி வைத்து, "நீங்களே உங்க கையால குடுங்க, பயம் போயிரும்" என்று வாசலுக்கு அனுப்புவாள். அவர் உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். ஒரு பிள்ளையும் கிட்டே வராது. கற்கண்டைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனால் மட்டும் எடுத்துக்கொண்டு ஓடும். சுலைகா மவுத்தான பிறகு அவர் கற்கண்டு வாங்குவதையே விட்டுவிட்டார். ஒரு சின்ன உயிராவது யாரும் இழுத்துக்கொண்டு வராமல், தானாக இந்தக் கைக்கு வராதா என்ற ஏக்கம் மட்டும் போகவில்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷம் கார்த்திகை மாதம் அந்தக் கிளி வந்தது. சிங்கப்பூரில் கடை வைத்திருந்த ஹமீது சுல்தானுக்கு அவருடைய கூட்டாளி அன்பளிப்பாகக் கொடுத்தது. கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கி, பஸ் ஏறித் தொண்டிக்கு வந்து சேர்ந்தது. சாம்பல் நிற உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் செம்பருத்திப் பொட்டு, தலையில் ஒரு கொண்டை. காக்கடீல் என்று பெயராம். ஊரில் யார் வாயிலும் அது நுழையவில்லை. சிங்கப்பூர்க் கிளி என்றார்கள், அதோடு சரி. வந்த வாரமே சுல்தானின் மகள் லத்தீபாவின் விரலைப் பிய்த்தது. அடுத்து சமையல்காரியை. அப்புறம் கூட்டுப் பக்கமே யாரும் போகவில்லை.

வழக்கம்போல வியாழக்கிழமை முகம் வழிக்கப் போன ஒஸ்தாவிடம் சுல்தான் சோப்பு நுரைக்கு நடுவே சொன்னார்: "இந்தச் சனியனை என்ன பண்றதுன்னு தெரியலப்பா. கூட்டைத் தொறந்து பூனைக்கு விட்றலாமான்னு இருக்கு."

ஒஸ்தா கத்தியை நிறுத்தினார். "நான் கொண்டுபோகட்டுமா மொதலாளி?"

"நீயா? கடிக்கும்ப்பா."

"கடிக்கட்டும்."

"எடுத்துக்க. இனிமே உன் பாடு, கிளி பாடு. எனக்குச் சம்பந்தமில்லை" என்று சுல்தான் கை கழுவினார்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறான் மனுஷன் என்று தெரு சிரித்தது. ஒஸ்தா கூட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்ததும் என்ன செய்தார் தெரியுமா? கத்தரிக்கோலை எடுத்தார். யார் எதிரே வந்து உட்கார்ந்தாலும் முதலில் வெட்டித்தானே அவருக்குப் பழக்கம்! இறகைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் வீட்டுக்குள்ளே தாராளமாக உலவ விடலாம், ஓட்டிடுக்கில் பறந்து போய் மாட்டிக்கொள்ளாது என்று நல்லெண்ணம்தான். வெள்ளைத் துண்டைப் போட்டு அமுக்கி, இரண்டு பக்கமும் அளவாகக் கத்தரித்தார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தொழிலில் மன்னர் அல்லவா.

துண்டை விலக்கியதும் கிளி அவருடைய கட்டைவிரலைக் கவ்வியது. "யா அல்லா!" என்று அலறினார். எத்தனையோ பேர் கன்னத்தில் தேய்த்த படிகாரத்தை அன்றைக்குத் தன் விரலில் தேய்த்துக்கொண்டார்.

அதிலிருந்து கூட்டுக்குள் கை போனால் கடி. தண்ணீர் வைக்கப் போனால் கடி, தினை போடப் போனால் கடி. கொண்டையைப் படிய வைத்துக்கொண்டு புஸ்ஸென்று சீறும். விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டு அவர் தொழிலுக்குப் போனதைப் பார்த்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் சீனி முகம்மது கேலி பண்ணினார். இருவரும் ஒரு வயதுக்காரர்கள்.

"ஏம்ப்பா மதாரு, ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் சேத்து அது ஒன்னயப் பழிவாங்குதுப்பா!"

எல்லாரும் சிரித்தார்கள். ஒஸ்தா சிரிக்கவில்லை. அந்தப் பேச்சு அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து கூட்டுக்கு எதிரே உட்கார்ந்து யோசித்தார். துண்டைத் தோளில் போட்டிருந்தால் அதற்குச் சீற்றம் அதிகம். கை மேலேயிருந்து இறங்கினால் கடிக்கிறது. ஏன் கடிக்காது? வந்த அன்றைக்கே அமுக்கிப் பிடித்து வெட்டியவன் கையைக் கொஞ்சவா செய்யும்? தப்பு யார் பேரில் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"இனிமே நானா ஒன்னத் தொடமாட்டேன்" என்று கிளியிடமே சொன்னார். "நீயா வா. வராட்டியும் சரிதான்."

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். துண்டை வாசலிலேயே ஆணியில் மாட்டிவிட்டு, சோப்பு வாசனை போகக் கையைக் கழுவிவிட்டு வருவார். கூட்டுக் கதவைத் திறந்து வைத்து, உள்ளங்கையில் கொஞ்சம் தினையோடு கையைத் தாழ்வாகத் தரையில் கிடத்திவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பார். ஒரு நாழிகை ஆனாலும் அசைய மாட்டார். கம்பு ஊற வைத்துக் கொடுத்தார். முருங்கைக்கீரையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டார். அலகு தேய்க்க ஏதாவது வேண்டுமே என்று கடற்கரையில் கணவாய் ஓடு பொறுக்கினார். அங்கே வலை காயப்போட்டுக்கொண்டிருந்த சோணைமுத்து, "என்ன ஒஸ்தா, மருந்துக்கா?" என்று கேட்டார். கிளிக்கு என்றதும், "எங்க வீட்டுலயே கணவாய் ஓடு கெடக்கு, நாளைக்குக் கொண்டாரேன்" என்று அந்த மீன்பிடிக்காரர் தாராளமாகச் சொல்லிவிட்டார்.

விடிந்ததும் கிளி இரண்டு சுரத்தில் ஒரு சீட்டி அடிக்கும். ஒஸ்தாவும் அதே மாதிரி அடித்துப் பார்த்தார். காற்றுத்தான் வந்தது. ஐம்பது வயதில் உதட்டைக் குவித்துக் குவித்துப் பழகி ஒருவழியாகச் சத்தம் வந்த அன்று சீனி முகம்மது வாசலில் வந்து நின்றார்.

"வீட்டுக்குள்ள சீட்டியடிச்சா பரக்கத்து, செல்வமெல்லாம் போயிரும்ப்பா."

"போறதுக்கு இங்கன பரக்கத்து எங்க இருந்துச்சு? போய் வேலையைப் பாருப்பா" என்றார் ஒஸ்தா.

தை போய் மாசியும் போனது. கிளி உள்ளங்கை வரை வந்து தினையைக் கொத்தும். விரல் அசைந்தால் ஓடிவிடும். பங்குனியில் இறகு கொட்டத் தொடங்கியது. சீக்கு வந்துவிட்டதோ என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். அப்புறம் பார்த்தால், வெட்டின இறகெல்லாம் உதிர்ந்து புது இறகு குருத்து விடுகிறது. தலை முழுவதும் புது இறகை மூடிய உறைகள், முள் முள்ளாக. உடம்பை அலகால் கோதிக்கொண்ட கிளிக்குத் தலைதான் எட்டவில்லை. ஒரு காலையில் அது கம்பி ஓரமாக வந்து, அவர் பக்கம் தலையைக் கவிழ்த்துக் காட்டிக்கொண்டு நின்றது.

தலையைக் குனிந்து காட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒஸ்தாவுக்கா தெரியாது! கம்பிக்குள் ஒரே ஒரு விரலை விட்டு, நகத்தால் ஒவ்வொரு உறையாக நெருடி உதிர்த்தார். கிளி கண்ணை மூடியது. அவர் எண்ணெய் தேய்த்துத் தலையைப் பிடித்துவிடும்போது பெரிய பெரிய வியாபாரிகள் எல்லாம் கொட்டாவி விடுவார்களே, அதேபோல ஒரு கொட்டாவி விட்டது. விரலை எடுத்தால் மறுபடி தலையால் முட்டியது.

மூன்றாம் நாள் அது கூட்டைவிட்டு இறங்கி வந்து அவருடைய சுட்டுவிரலில் ஏறி நின்றது. அடுப்பில் சோறு அடிப்பிடித்து வாடை வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. "சுலைகா, பாத்தியாடி?" என்று சத்தமாகவே சொன்னார். அவ்வளவு சந்தோஷம்.

ஆனி மாதம் சுல்தானிடமிருந்து ஆள் வந்தது. ஒஸ்தா போனார்.

"சிங்கப்பூர்க் கூட்டாளி நாளைக்கு நம்ம வீட்டுக்கு வாராரு" என்றார் சுல்தான். "வந்ததும் கிளி எங்கேன்னுதான் கேப்பாரு. குடுத்ததைத் தூக்கிப் போட்டுட்டேன்னு நெனைச்சுட்டா வருத்தப்படுவாரு. இப்பக் கடிக்கலையாமே, லத்தீபா சொன்னா. சாயங்காலம் கொண்டாந்து விட்று. எறகைக் கொஞ்சம் வெட்டிட்டுக் கொண்டா, முற்றம் திறந்து கெடக்கு."

எடுத்துக்க என்று கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாமா என்று அவருக்கு வாய் வரை வந்தும் வெளியே வரவில்லை. அந்த வீட்டுச் சோறு முப்பது வருஷமாகத் தின்ற வாய்.

வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலை எடுத்தார். கிளி ஓடவில்லை. கத்தரிக்கோலைப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டே இன்னொரு கையில் ஏறித் தலையைக் கவிழ்த்தது. மறுபடி வெட்டினால் மறுபடி கடிக்கும். கடிக்கிற கிளியைச் சுல்தானும் வேண்டாம் என்றுதான் சொல்வார். கிளி இவரிடமே தங்கிவிடும். அந்தக் கணக்கும் அவர் மனசில் ஓடாமல் இல்லை. ஆனால் அதற்கப்புறம் இது இந்தக் கைக்கு வருமா? அவர் கத்தரிக்கோலைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். சாயங்காலம் கூட்டைத் தூக்கிக்கொண்டு சுல்தான் வீட்டு முற்றத்துக்குப் போய், கிளியை விரலில் ஏற்றிக் காட்டினார்.

"எறகு வெட்டுனியா?" என்று சுல்தான் கேட்டார்.

"இல்ல மொதலாளி. கை வரல."

"நல்லாருக்குப்பா! ஊரையே வெட்டுன கை, ஒரு கிளிக்கு வரலையாக்கும்!" என்று சொல்லிக்கொண்டே சுல்தான் ஒஸ்தாவின் விரலில் இருந்த கிளியை எடுக்க மேலேயிருந்து கையைக் கொண்டுவந்தார். "மேல இருந்து வேணாம் மொதலாளி" என்று ஒஸ்தா சொல்லி முடிக்கவில்லை. கடி விழுந்துவிட்டது. சுல்தான் கத்திக்கொண்டு கையை உதறினார். கிளி முழு இறகையும் விரித்துக்கொண்டு முற்றத்து வழியாக வானத்தில் ஏறிவிட்டது.

"வாப்பா! போச்சு!" என்று தகப்பனைப் பார்த்து லத்தீபா அழுதாள்.

ஒஸ்தா செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. கரையில் ஏற்றி வைத்திருந்த தோணி ஒன்றின் பாய்மர உச்சியில் கிளி தத்தளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு அப்பால் தண்ணீர்தான். ஊரே கூடிவிட்டது. பையன்கள் வேடிக்கை மும்முரத்தில் ஒஸ்தாவை இடித்துக்கொண்டு நின்றார்கள்.

சோணைமுத்து வீச்சுவலையோடு வந்தார். "தோணி அணியத்துல ஏறி நின்னு வீசுறேன் ஒஸ்தா, மாட்டிக்கிரும்."

"வேணாம்ப்பா."

"இன்னொரு தடவை பறந்துச்சுன்னா காத்து கடலுக்குக் கொண்டுபோயிரும். செத்துப்போகும், சொல்லிட்டேன்."

சோணைமுத்து சொல்வது நிஜம். வலை போட்டால் கிளி பிழைத்துவிடும். செத்துப்போனால் அந்தப் பாவம் யாருக்கு? "கொஞ்சம் பொறு சோணைமுத்து" என்று கெஞ்சினார். "ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்குறேன். வரலைன்னா நீ வீசு."

ஊர் முன்னால் உதட்டைக் குவித்துச் சீட்டியடித்தார். யாரோ சிரித்தார்கள். காற்று அந்தச் சத்தத்தைக் கடலுக்குக் கொண்டுபோனது. கையை நீட்டிக்கொண்டு மறுபடி அடித்தார். தோள்பட்டை விட்டுப்போனது, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டார். அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம் நெருங்கியது. சீனி முகம்மது போக மனசில்லாமல் போனார்.

கிளி பறந்தது. காற்று அதைத் தூக்கித் தண்ணீருக்கு மேலே வீசியது. கூட்டம் 'அய்யோ' என்றது. சோணைமுத்து வலையைக் கீழே போட்டுவிட்டார். இனி அதற்கு வேலை இல்லை. ஒஸ்தா மட்டும் கையை இறக்கவில்லை. சாம்பல் புள்ளி ஒன்று அலையை ஒட்டித் தாழ்வாக, காற்றை எதிர்த்து, ஒரு பக்கமாகச் சரிந்து சரிந்து வந்தது. கரையைத் தாண்டியது. பையன்கள் தலைக்கு மேலே போய், திரும்பி, அவருடைய சுட்டுவிரலில் தொப்பென்று விழுந்து பற்றிக்கொண்டது. அலகு திறந்து அதற்கு மூச்சு வாங்கியது.

ஒஸ்தா அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹமீது சுல்தான் வந்தார். விரலில் துணி சுற்றியிருந்தது. எவ்வளவு நேரமாக நின்று பார்த்தாரோ தெரியாது. ஒஸ்தா கிளியோடு கையை அவர் பக்கம் நீட்டினார். சுல்தான் வாங்கவில்லை, ஓரடி பின்னால் போனார்.

"கிளி உன்னோடதுதான் ஒஸ்தா. நான் கேட்டது தப்பு. நாளைக்கு அதைக் கூட்டிக்கிட்டு நீயும் வா. கூட்டாளிகிட்ட நானே சொல்லிக்கிறேன். கூடத்துல எம் பக்கத்துல உனக்கு நாற்காலி போடச் சொல்றேன்."

முப்பது வருஷத்தில் அந்த வீட்டுக் கூடத்தில் அவர் உட்கார்ந்ததில்லை. கொல்லைப்புறத்தில் முகம் வழிப்பதோடு சரி. ஒஸ்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து நின்ற அந்த மஞ்சள் தலையை நகத்தால் மெல்ல வருடினார்.

"அதுகிட்டக் கேட்டுக்கிட்டுச் சொல்றேன் மொதலாளி" என்றார். "அதுக்குப் பிரியம்னா வாரோம்."