ஏழாவது பாட்டில் ஒரு குரல்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவளைக் கடையில் எல்லாரும் பவரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருஷ வேலை. ஃபிரேமுக்குள் லென்ஸ் ஒரு மயிரிழை ஆடினாலும் திரும்ப இயந்திரத்தில் மாட்டிவிடுவாள். இப்படிப்பட்ட கறார்க்காரிக்கு வாய்த்த புருஷன் ஒரு திங்கட்கிழமை காலையில் “எனக்குப் போரடிக்குது” என்று சொல்லிவிட்டு இரண்டு பெட்டியோடு கிளம்பிவிட்டான். சண்டைகூடப் போடவில்லை, பாவி.

அவள் அழுததெல்லாம் தங்கையிடம்தான். மத்தியான இடைவேளையில் போனைப் போட்டால் டப்பாவில் சாப்பாடு ஆறிப்போகும்வரை புலம்புவாள். தங்கை ஓர் எமோ ராக் பேண்டில் பாடுகிறவள். கறுப்புச் சட்டை, கண்ணைச் சுற்றி அப்பிய மை, மனசு உடைந்த கதையை அடித்தொண்டையிலிருந்து கத்துகிற பாட்டுகள். அவள் “ம்... அப்புறம்?” என்று கேட்டதையெல்லாம் அக்கா பாசம் என்று நினைத்தாள். பாசமும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எட்டே மாதத்தில் அந்தப் புலம்பல் பத்துப் பாட்டாகி, ‘ஒற்றைச் சாவி’ என்று ஆல்பமாக வந்துவிட்டது.

வந்ததும் பிய்த்துக்கொண்டு போனது; கேட்டவர்களெல்லாம் அழுதார்கள். ஒரு பேட்டியில் தங்கை, “எல்லாமே எனக்குள்ள இருந்த வலி” என்றாள். பவரக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “யாரோட வலிடி? மூக்கைச் சிந்தினது நான், கைதட்டல் உனக்கா?” என்று போன் திரையைப் பார்த்துக் கேட்டாள். நேரில் கேட்க வாய் வரவில்லை. பொறாமை என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. தங்கையின் படம் போட்ட சட்டையோடு வந்த ஒருத்திக்குக் கண்ணாடியை வேண்டுமென்றே ஒருநாள் தாமதமாகக் கொடுத்தாள் என்றால் பாருங்களேன்.

எல்லாவற்றையும்விட ஏழாவது பாட்டுதான் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. புருஷன் மறந்துவிட்டுப் போன பழைய மூக்குக்கண்ணாடியைப் பற்றியது. பாட்டில் வருகிறவள் அதைச் சுவரில் வீசி உடைக்கிறாள், மிதித்து நொறுக்குகிறாள். அந்த ரோஷத்தில் கால்வாசிகூடத் தனக்கு இல்லையே என்று பவரக்காவுக்கு ஆற்றாமையாக இருந்தது.

அதே பத்துப் பாட்டையும் மேடையில் பாடிப் பதிவுசெய்து லைவ் ஆல்பமாக விடுவதாக ஏற்பாடு. தங்கை முன்வரிசை டிக்கெட்டை நீட்டி, “நீ கண்டிப்பா வரணும்க்கா” என்றாள். ‘இது எங்கக்கா கதை’ என்று மேடையில் ஒரு வார்த்தை சொல்வாள், அது போதும் என்று நம்பித்தான் இவள் போனாள். ஏழாவது பாட்டுக்கு முன்னால் தங்கை மைக்கைப் பிடித்து, “இது என் கதை” என்றாள். பாட்டில் “உடைச்சேன்...” என்று அவள் இழுத்ததும் வாத்தியமெல்லாம் ஒரு கணம் நிற்கும். நின்றது. பவரக்கா எழுந்து கத்திவிட்டாள்.

“உடைக்கலடி! நேத்துகூட தொடச்சு வச்சேன்!”

மறுநாள் தங்கை போன் செய்தாள். “உன் குரல் பளிச்சுனு பதிவாயிருக்குக்கா. பழைய ஆல்பத்துலேர்ந்து அந்தத் துண்டை எடுத்து, உன் குரல் கேக்காம மேல ஒட்டிடலாம்னு ரெக்கார்டிங்காரர் சொல்றார். ஒட்டிடட்டுமா?”

“ஒட்டினா உனக்கு அக்காவே இல்லைன்னு நெனச்சுக்கோ.”

தங்கை ஒட்டவில்லை. லைவ் ஆல்பம் வந்த ஒரே மாதத்தில் எல்லாருக்கும் அந்தக் கத்தல்தான் பிடித்துப்போனது. “எங்க போனாலும் அந்த இடத்துல கூட்டமே கத்துதுக்கா. நான் பாடறதை எவன் கேக்கறான்?” என்று தங்கை பொருமினாள். வேண்டும் நன்றாக! பவரக்காவுக்கு வயிறு குளிர்ந்துபோனது. அதைக் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று அடுத்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கினாள்.

வாத்தியங்கள் நின்றதும் இரண்டாயிரம் பேர், “நேத்துகூட தொடச்சு வச்சேன்!” என்று கூவினார்கள். கூவிவிட்டுச் சிரித்தார்கள். பக்கத்தில் ஒருவன் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக் காட்ட, அவனுடைய நண்பர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பவரக்காவுக்குக் கூச்சத்தில் உடம்பே குன்றிப்போனது. பாட்டு முடியும்வரை தலை நிமிரவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய்த் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இனிமே அந்த இடத்துல நிறுத்தாதடி. விடாம பாடிட்டே போ.”

“ஏன்க்கா? நீதானே அது இருக்கணும்னு நின்னே?”

“நீ பாடினப்ப அழுதாங்கடி. நான் சொன்னதுக்குச் சிரிக்கிறாங்க.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “நீயே உடைச்சுடு. நல்லா மிதிச்சு உடை.”