நாலு மாதக் குளிருக்கு ஒரு மனு

அரசாங்கம் எனக்கு நேராகக் கடிதம் எழுதியது கிடையாது. எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்த பெரியவருக்குத்தான் எழுதியது. அவருக்கு எழுத்து தெரியாது. ஆகவே பிரித்துப் படித்தது நான், பதில் எழுதியது நான், படித்து முடித்துக் காறித் துப்பாமல் அடக்கிக்கொண்டதும் நான். எட்டாவது வரைக்கும் படித்தவள். ஆனால் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அதனால் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது.

பெரியவர் விறகு பிளப்பவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை இல்லை. உறவு ஒன்றும் கிடையாது என்றாலும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். மாசி வெயில் தொடங்கினால் புரட்டாசி வரைக்கும் ஓட்டல்காரர்களுக்கும் வீடுகளுக்கும் பிளந்து போட்டுக்கொண்டே இருப்பார். ஐப்பசி மழை இறங்கியதும் நெஞ்சில் இழுப்பு ஆரம்பிக்கும். மார்கழியில் காலை எட்டு மணி வரைக்கும் மலையே தெரியாது எங்கள் ஊரில். அந்தப் பனியில் அவர் மூச்சு விடுகிற சத்தம் எங்கள் சமையல்கட்டு வரைக்கும் கேட்கும். நாலு மாதம் கோடாலி மூலையில் கிடக்கும்.

கஞ்சி கொடுப்போம். இரண்டு நாள் குடிப்பார். மூன்றாம் நாள் பசியில்லை என்பார். பசியில்லாத மனுஷனா அவர்? சும்மா வாங்கிக் குடிக்க மனசு வராது, அவ்வளவுதான். அவருக்கு இருந்தது ஒரே பயம். கோயில் கோபுர வாசலில் தட்டு வைத்து வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களோடு தானும் ஒருநாள் போய் உட்கார வேண்டி வருமோ என்பது. "கை ஏந்தறதுன்னா உள்ள போயி அவர்கிட்ட ஏந்துவேன். வாசல்ல உக்காந்து ஏந்த மாட்டேன்" என்பார்.

என் வீட்டுக்காரர் நெல் மண்டியில் எடை போடுகிறவர். அங்கே யாரோ சொன்னார்கள் என்று முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போடச் சொன்னார். நான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன். பெரியவர் சொன்னார், ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் நாலு மாதம் மட்டும் கொடுத்தால் போதும் என்று எழுதச் சொல்லி. வருஷம் முழுக்கக் கேளுங்கள் என்றேன். மீதி மாதம்தான் தன்னால் வேலை செய்ய முடிகிறதே, அதற்கு எதற்கு அரசாங்கத்தைக் கேட்பது என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே எழுதினேன். ஆபீசில் இருக்கிறவர்களுக்கும் கலங்கும் என்று நினைத்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

குளிரெல்லாம் போய்ப் பங்குனியில் பதில் வந்தது. அரசுப் பணிக்காக மட்டும் என்று அச்சடித்த பழுப்பு உறை. உள்ளே முக்கால் பக்கத்துக்கு எண்களும் நாள்களும். கடைசியில், குளிர்காலத்திற்கெனத் தனியே உதவித்தொகை வழங்கும் திட்டம் எதுவும் தற்போது நடைமுறையில் இல்லை என்று மனுதாரருக்குத் தெரிவிக்கப்படுகிறது, என்று ஒரு வரி. குளிர் நடைமுறையில் இருப்பது அவர்களுக்கு யார் தெரிவிப்பது?

"இன்னா சொல்றாங்க?" என்றார் பெரியவர்.

"இல்லைங்கிறாங்க."

"இல்லைன்னு சொல்றதுக்கா இம்மா எழுத்து?"

எந்த ஆபீஸ் என்று நான் சொல்லப் போவதில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது, எந்த ஆபீசுக்குப் போனாலும் அதே மேசை, அதே முகம், அதே கோப்பு. மேலே போயிருக்கிறது என்பார்கள். மேலே என்றால் எனக்குத் தெரிந்தது மலை ஒன்றுதான்.

மறுபடியும் எழுதினேன், இந்தத் தடவை வருஷம் முழுக்கக் கேட்டு. அதை விசாரிக்க ஒருவர் அடுத்த மார்கழியில் வந்தார். வருவாய் ஆய்வாளர், எங்கள் பேச்சில் ஆர்.ஐ. ஸ்வெட்டர், காதைச் சுற்றி மப்ளர். இந்த ஊரில் இன்னாம்மா குளிர் இப்படிக் கொல்லுது என்று கையைத் தேய்த்துக்கொண்டார். சுடச்சுடக் காப்பி கொடுத்தேன். பெரியவர் பின்கட்டில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். ஆர்.ஐ. எட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே எல்லாம் கேட்டார். பிள்ளை இல்லை, நிலம் இல்லை, இழுப்பு ஜாஸ்தி, எல்லாம் சொன்னேன். ஆள் எப்படி என்றார்.

இந்த இடத்தில்தான் நான் கெடுத்தேன். ஒரு மனுஷனைப் பற்றி எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய சாட்சி எதுவும் சொல்ல முடியாது என்று நினைத்து, பெருமையாகச் சொன்னேன்: "முப்பது வருஷமா ஒரு பௌர்ணமி விடாம மலை சுத்தறவருங்க."

ஆர்.ஐ. மலை இருக்கிற பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். புண்ணியவான் என்றார். எழுதிக்கொண்டார். நானும் நல்ல பக்தியுள்ள மனுஷன் என்று நினைத்து இன்னொரு அரை டம்ளர் காப்பி ஊற்றினேன். குளிர் மாதங்களில் அந்தச் சுற்றை முடிக்கப் பெரியவருக்கு விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் ஆகும் என்பதையும், பத்தடிக்கு ஒரு தரம் நின்று, அடி அண்ணாமலைக் கோயிலில் போய்ப் படுத்து எழுந்துதான் பாதிச் சுற்றைத் தாண்டுவார் என்பதையும் நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

சித்திரையில் அடுத்த உறை வந்தது. மனுதாரர் பிரதி மாதமும் தவறாது மலை வலம் வரும் உடல் திறன் உள்ளவர் என்பது விசாரணையில் தெரிய வருவதால், உழைத்துப் பிழைக்க இயலாதவர் என்று கருத இடமில்லை.

இரண்டு நாள் அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். சாமியைச் சுற்றி வந்ததைச் சாட்சியாக்கி ஒருவன் சோற்றைப் பறிப்பானா? அதுவும் கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே கையால்? என் காப்பியைக் குடித்த வாயால் புண்ணியவான் என்றானே. அவனை நினைத்தாலும் அருவருப்பு, அதைவிட வாயைத் திறந்த என்னை நினைத்தால். மூன்றாம் நாள் பெரியவரிடம் படித்துக் காட்டினேன். அவர் இழுப்பு வருகிற வரைக்கும் சிரித்தார்.

"அவர பாக்கறதுக்கு நடந்தேன். அத இவன் எதுக்கு அளந்தான்?"

நானும் என் வீட்டுக்காரரும் ஆபீசுக்குப் போனோம். ஒரு குமாஸ்தா இரக்கப்பட்டு வழி சொன்னார். நடக்க முடியவில்லை என்று ஒரு வாக்குமூலம் எழுதிப் பெரியவரிடம் கைநாட்டு வாங்கி வந்தால் போதுமாம். அப்புறம் அவர் நடந்தால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றார். உண்மையைச் சொன்னதற்கு இல்லை என்று எழுதிய ஆபீஸ், பொய்யைச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் உட்கார நாற்காலி போட்டது.

பெரியவர் முடியாது என்றுதான் முதலில் சொன்னார். ஆனால் அந்த வருஷம் ஐப்பசியிலேயே இழுப்பு முற்றிவிட்டது. கார்த்திகை தீபத்தன்று எப்படியோ சுற்றி முடித்துவிட்டு வந்து, மறுநாள் கட்டை விரலை நீட்டினார். நான் மை தடவினேன்.

மார்கழிப் பௌர்ணமிக்கு வெந்நீர் வைத்துக் காத்திருந்தேன். அவர் கிளம்பவில்லை.

"முடியலன்னு கைநாட்டு வெச்சிட்டு நடந்தா அது பொய்யாயிடும்ல, பொண்ணு."

"யாரு பாக்கறாங்க பெரியப்பா? அவங்களே அப்படித்தானே சொன்னாங்க."

அவர் முகவாயால் மலையைக் காட்டினார். நான் வெந்நீரை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தேன்.

குளிர் முடிந்து மாசியில் மணியார்டர் வந்தது. தபால்காரர் நீட்டிய இடத்தில் அதே கட்டை விரல். ஒரு கம்பளி வாங்கினார், வெயில் தொடங்கின பிறகு. மார்கழி, தை, மாசி, பங்குனி, நாலு பௌர்ணமியும் வாசற்படியில் உட்கார்ந்தே கழித்தார். நாலு மாதத்துக்குத்தான் கேட்டார். சரியாக நாலு மாதம் அவரை உட்கார வைத்தது அரசாங்கம்.

சித்ரா பௌர்ணமி வந்தது. எங்கள் தெரு போய் முட்டுகிற இடத்தில் மலை சுற்றுகிற பாதை. வருஷா வருஷம் அங்கே நடப்பவர்களுக்கு நீர்மோர் கொடுப்போம். பெரியவர் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து, போகிற கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்கிற நேரம். வெளியூர்க் குடும்பம் ஒன்று வந்தது. அந்த அம்மா மோர் குடித்தாள், வாயைத் துடைத்தாள், குனிந்து பெரியவர் முழங்கால் பக்கத்தில் ஒரு காசை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். பாவம், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

பெரியவர் அந்தக் காசைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். காசை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"இத உண்டியல்ல போட்டுடு. நாளைக்கு அவங்களுக்கு எழுதிடு, நடக்க முடியுதுன்னு."

கூட்டத்தோடு நடந்து போய்விட்டார்.

எழுதினேன். உதவித்தொகை வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்று. அதற்குப் பதிலே வரவில்லை. கேட்டபோது வராத மணியார்டர் இப்போது மாதம் தவறாமல் வந்தது. அவரும் மாதம் தவறாமல் திருப்பி அனுப்பினார். தபால்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த ஐப்பசியில் மழை இறங்கியது. இழுப்பும் வந்தது. அப்போது எனக்கு ஒரு வழி தோன்றியது. வெகு காலத்துக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். பெரியவரிடம் போய்ச் சொன்னேன், இந்த வீட்டை விட்டு எனக்கு நகர முடியவில்லை, என் வீட்டுக்காரருக்கோ மண்டி, எங்களுக்கும் சேர்த்து நீங்கள் மலை சுற்றுங்கள், இந்த நாலு மாதமும் சாப்பாடு எங்கள் வீட்டில் என்று. எத்தனை பேருக்கு என்று கேட்டார். குழந்தைகளோடு அஞ்சு பேர் என்றேன். சரி என்றார். அதற்குப் பிறகு அவர் ஒரு நாள்கூடப் பசியில்லை என்று சொன்னதில்லை. சுற்றி முடித்து வந்தால் திருநீற்றை அஞ்சு பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார், குறைந்துவிடக் கூடாதாம்.

தை மாதம் அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது பழுப்பு உறை வந்தது. உதவித்தொகையைத் தொடர்ந்து பெற மறுத்து வருவதற்கான காரணத்தைப் பதினைந்து தினங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

"இன்னா சொல்றாங்க?"

"ஏன் வேணாம்னு கேக்கறாங்க."

அவர் ஊறுகாயை நக்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஊற்று என்று கிண்ணத்தை நீட்டினார். ஊற்றினேன். அந்தக் காகிதம் நல்ல தடிமன். மடித்துக் கஞ்சிப் பானைக்கு மூடியாக வைத்தேன். அந்த ஒன்றுக்கு மட்டும் நான் பதில் எழுதவில்லை.