பட்டுத்துணியில் கட்டிய உரை

அரவணையில் துயிலும் பெருமான் திருவடிகளே காப்பு. ஏடு பிரிக்க உகந்த விஜயதசமியன்று இதை எழுதுகிறேன்.

அயல்தேசத்து அரசர்கள் நூலகங்களை எரித்த கதையை மைசூர்ச் சபைகளில் கண்ணீர் மல்கச் சொன்னவன் நான். எங்கள் முன்னோர் ஒருவர் பாசுரங்களுக்கு ஓலையில் எழுதிய உரை, வேறெங்கும் பிரதியில்லாதது, எங்கள் பெருமாள் அறையில் பட்டுத்துணிக்குள் இருந்தது. ஆண்டுதோறும் சந்தனம் சாத்தி வணங்கினோம். தீட்டுப்படும் என்று பிரிக்கவில்லை. படியெடுக்க வந்த பண்டிதரை, நல்ல நாள் பார்த்து வரும்படி மூன்று முறை திருப்பி அனுப்பினேன். நான்காம் முறை நானே அவிழ்த்தேன். உள்ளே கறையான் மண்தான் இருந்தது.

"கறையான் நாள் பார்க்கலையே, ஸ்வாமி" என்றார் பண்டிதர். பிறகு, "தேவரீருக்கு அந்த உரையில ஏதாவது மனப்பாடமிருக்கோ?" என்று கேட்டார்.

சந்தனம் சாத்தும் முறை எனக்குப் பிழையின்றித் தெரியும். உரையில் ஒரு வரியும் தெரியாது.

இதைப் படிப்போர் நீடு வாழ்க. அவர்கள் இல்லத்து ஏடுகள் இன்றே பிரிக்கப்படுக.