தற்செயலுக்கு முன்பதிவு

வாடகைச் சைக்கிள் தொழிலில் சைக்கிளால் வரும் தொல்லை குறைவு. அது பழுதானால் பழுது என்று தெரியும், தொலைபேசியில் வருகிறவர்கள் அப்படியல்ல.

டேனிஷ் ஊரான சில்க்போர்க்குக்கு வெளியே, காட்டுக்குள் இருக்கும் மவுண்டன் பைக் மையம் ஒன்றில் வாடகைக் கவுண்டரில் வேலை செய்கிறேன். மரங்களுக்கிடையே பாதைகளை வெட்டி, கடினத்துக்கு ஏற்ப நிறம் கொடுத்திருக்கிறார்கள். பச்சை குழந்தைகளுக்கு, நீலம் பழகியவர்களுக்கு, சிவப்பு தேர்ந்தவர்களுக்கு, கறுப்பு நல்ல காப்புறுதி வைத்திருப்பவர்களுக்கு. இங்கே தமிழ் பேசுகிறவன் நான் ஒருவன்தான் என்பதால், சுற்றுவட்டாரத்தில் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்குச் சைக்கிள் ஆசை வந்தாலும் அழைப்பு என் தலையில் விழும். தொலைபேசியில் வாடிக்கையாளரைச் சமாளித்து வயிறு வளர்க்கும் அன்பர்களே, சென்ற கோடையில் ஒரே சனிக்கிழமைக்காக நாலு பேர் தனித்தனியே என்னை அழைத்த கதை உங்களுக்குப் புதிதாக இராது.

மலை எங்கே?

முதல் அழைப்பு பிரெடெரிசியா நகரிலிருந்து. பெயர் யோகேஸ்வரி, முதியோர் இல்லத்தில் வேலை. முன்பின் அறிமுகமில்லை. ஆனால் இரண்டாவது வாக்கியத்திலேயே என் ஊரையும் மனைவியின் ஊரையும் என்னிடமிருந்து கறந்துவிட்டார். “மவுண்டன் பைக் எண்டு போட்டிருக்கு. மலை எங்கை தம்பி?” என்றார். மலை இல்லை, இந்த நாட்டிலேயே இல்லை, பக்கத்தில் ‘வானமலை’ என்று அழைக்கப்படுவதும் ஒரு குன்றுதான், பெயரை நம்பி மலையேறும் சப்பாத்து வாங்கவேண்டாம் என்றேன். இந்த இடத்தில் ஆகுபெயரைப் பற்றிச் சிறிது விளக்கவும் முயன்றேன். அவர் கேட்கவில்லை.

கணவரோடும் மகன் நிரோஷனோடும் வருகிறாராம். அங்கே ‘தற்செயலாக’ விபோர்க் நகரத்துக் குடும்பம் ஒன்றைச் சந்திப்பார்களாம். மகனுக்கு எந்தப் பாதை என்று கேட்டு நாலு நிறங்களையும் சொன்னேன். நிறம் கடினத்தைக் குறிப்பது, அழகை அல்ல என்பதையும் சொன்னேன். அக்கா ஒரு கணமும் யோசிக்கவில்லை.

“சிவப்பையே போடுங்கோ தம்பி, நல்ல காரியத்துக்கெல்லோ வாறம்.”

தேத்தண்ணித் தட்டு

மறுநாள் விபோர்க்கிலிருந்து சிவபாலன் என்பவர் எடுத்தார். அதே சனிக்கிழமை. மகள் அபிராமிக்கு ஒரு சைக்கிள், தனக்கும் மனைவிக்கும் இருக்க ஒரு மேசை. பக்கத்து மேசைக்கு யார் வருகிறார்கள் என்று பார்க்க முடியுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். பிரெடெரிசியாக்காரர் என்றால் நல்லதாம். எல்லாம் தற்செயலாக நடப்பது போல இருக்கவேண்டுமாம்.

எனக்குச் சொற்களைத் தப்பாகப் பாவித்தால் உடம்பு அரிக்கும். தற்செயல் என்பது ஏற்பாடு இல்லாமல் நடப்பது, முன்பதிவு செய்தால் அதற்கு வேறு சொல் இருக்கிறது என்றேன். என்ன சொல் என்று கேட்டார். பெண் பார்த்தல் என்றேன்.  பெருமூச்சோடு உண்மை வந்தது.

“என்ன செய்யிறது அண்ணை, தேத்தண்ணித் தட்டோடை வரமாட்டன் எண்டிட்டாள், சைக்கிளோடை எண்டா வாறாளாம்.”

விட்டுவிட்டு வரக்கூடிய பாதை

அந்த அபிராமியே அடுத்து எடுத்தாள். விபோர்க்கில் தாதி. டேனிஷில் தொடங்கி, என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு இறங்கினாள். அப்பா எதைப் பதிந்திருந்தாலும் அதைச் சிவப்புக்கு மாற்றவேண்டும் என்றாள். அவள் தோழிகளோடு கறுப்பிலேயே ஓடுகிறவள். பிறகு ஏன் சிவப்பு என்று கேட்டேன். கறுப்பைச் சொன்னால் அந்த மாப்பிள்ளை வரவேமாட்டான், சிவப்பென்றால் வந்து பாதியில் நின்றுவிடுவான் என்றாள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. “ரெண்டு வீட்டுக்காரரும் ஒரு மேசையிலை இருந்து தேத்தண்ணி குடிச்சு முடிச்சா, அது ஓம் எண்ட கணக்கு. என்ரை அக்காவுக்கு அப்பிடித்தான் நாள் குறிச்சவை. அவவைக் கேக்கவேயில்லை” என்றாள். இதைக் கேட்டபின் ஆகுபெயர் விளக்கம் எதுவும் எனக்கு வரவில்லை. எப்படிப்பட்ட பாதை வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

“தேத்தண்ணி முடியிறதுக்கு முந்தி ஆளை விட்டிட்டு வரக்கூடிய பாதை வேணும், அங்கிள்.”

தொலைபேசியில் நீச்சல்

நாலாவது அழைப்பு மாப்பிள்ளைப் பையனுடையது. நிரோஷனுக்குச் சைக்கிள் ஓடத் தெரியும். வீட்டிலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து வீட்டுக்கு, தாரிட்ட வீதியில். காட்டுக்குள் ஒருநாளும் ஓடியதில்லை. ஆனால் அவன் கிழமை தவறாமல் காட்டுக்குள் ஓடுகிறவன் என்று அம்மா விபோர்க்கில் சொல்லிவிட்டாராம். அம்மாவின் வாயில் வந்தபிறகு அது வரலாறு.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன். அந்தப் பிள்ளை தன்னைப் பொய்யன் என்று நினைக்குமே என்றான். சொல்லாவிட்டால் காட்டுக்குள் முதல் வளைவிலேயே அப்படித்தான் நினைக்கும் என்றேன். வெள்ளிக்கிழமை வந்து பழகச் சொன்னால் வேலையாம். சற்று யோசித்துவிட்டு, நீச்சலைத் தபாலில் படிக்கிறவன் மாதிரி ஒரு கேள்வி கேட்டான்.

“விழாமல் ஓடுறது எப்பிடியெண்டு போனிலை சொல்லேலாதோ அங்கிள்?”

பாதுகாப்புக் கேள்வி

சனிக்கிழமை இரு குடும்பங்களும் என் கவுண்டருக்கு முன்னால் ஒருவரையொருவர் கண்டு திடுக்கிட்டன. “அட, நீங்களும் இஞ்சையோ!” என்று சிவபாலன் திடுக்கிட்டது, அவர் யோகேஸ்வரி அக்காவின் பக்கம் திரும்புவதற்கு முன்னாலேயே நடந்தது. அக்காவின் கையில் பொரித்த றோல்ஸ் ஒரு பெட்டி. சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்து, கரியர் இல்லை, ஸ்ராண்ட் இல்லை, மட்காட் இல்லை, இதுக்கு மேலையும் கழட்ட என்ன இருக்கு என்று என்னிடம் விசாரித்தார்.

சைக்கிள் கொடுக்குமுன் ஒருவர் காட்டுப்பாதையில் ஓடியிருக்கிறாரா என்று நாங்கள் கேட்கவேண்டும். வழக்கமாக ஆளை ஒரு பக்கம் கூப்பிட்டுக் கேட்பேன். அன்றைக்கு நிரோஷனிடம் எல்லோர் முன்னாலும், சற்றுச் சத்தமாகவே கேட்டேன். “ஓம், ஒவ்வொரு கிழமையும்” என்றார் அக்கா. நிரோஷன் ஹெல்மெட்டின் பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்துவிட்டது. பிறகு நிமிர்ந்து, அம்மாவைப் பார்க்காமல் அபிராமியைப் பார்த்து, “ஒருக்காலும் ஓடேல்லை. அம்மா சும்மா சொன்னவ” என்றான்.

 சிவபாலன் மனைவியைப் பார்த்தார். மனைவி காட்டைப் பார்த்தார். அபிராமி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, “அங்கிள், சிவப்பை வெட்டுங்கோ. ரெண்டு பேருக்கும் பச்சை” என்றாள். மகன் கெடுத்ததை நிமிர்த்த அக்காவுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

“பச்சையும் குறைவில்லைத் தம்பி, மீனாட்சி அம்மன்ரை நிறமெல்லோ.”

சேறு

பச்சைப் பாதையை ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒரு மிட்டாய் கரைவதற்குள் சுற்றிவந்துவிடுவார்கள். இவர்கள் வரவில்லை. ஒரே மேசையில் இருந்த பெரியவர்கள் றோல்ஸை முடித்தார்கள், காலநிலையைக் கதைத்து முடித்தார்கள். தேநீர் முடிந்ததும் யோகேஸ்வரி அக்கா கைப்பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து மேசையில் வைத்தார். சிவபாலன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நான் தேவையில்லாமல் ஒரு சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் இருவரும் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நிரோஷன் சுத்தமாக இருந்தான். கறுப்பில் ஓடுகிற அபிராமி முழங்கை முதல் கன்னம் வரை சேறு. முன்னால் போனவள், பின்னால் வருகிறவன் வருகிறானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்ததில் ஒரு வேரில் ஏறிவிட்டாளாம். பஞ்சாங்கத்தில் விரலை வைத்தபடியே, “என்ன பிள்ளை, நாளைப் பாப்பமோ?” என்று சிவபாலன் கேட்டார். அவள் பஞ்சாங்கத்தை மெதுவாக மூடினாள். அட்டையில் சேற்றுக் கை பதிந்தது.

“இண்டைக்குப் பச்சைதான் ஓடினனாங்கள் அப்பா, அடுத்த சனி நீலம் ஓடுறம், என்ரை நாளை நானே சொல்லுவன்.”

சைக்கிளை வாடகைக்கு விடுகிறவன் அது திரும்பி வரும்போது பிரேக்கைப் பார்த்தால் போதும், சேறு யார் மேல் ஏன் பட்டது என்று பார்ப்பது அவன் வேலையில்லை என்றாலும், அடுத்த சனிக்கு இரண்டு நீலத்தை நான் யாரும் கேட்காமலே பதிந்து வைத்தேன்.