முட்டை அட்டையில் விழுந்த சொட்டு

எருமப்பட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கமலவேணி கார் ஓட்டினால் முன்னால் போகிற மாட்டுக்குக்கூடப் பயமில்லை என்று. இரண்டாவது கியரைத் தாண்டமாட்டாள். வேகத்தடை ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு போகிறவள் மாதிரி நின்று, நிதானித்து, ஒவ்வொரு சக்கரமாக இறக்குவாள். அவள் புருஷன் தங்கமுத்து கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கிண்டலடிப்பார். "ஏம்புள்ள, நா எறங்கி நடந்து போயி நாமக்கல்லுல டீ குடிச்சுட்டு நிக்கறேன், நீ பொறுமையா வா." அவளும் சிரிப்பாள்.

அந்தத் தங்கமுத்துதான் பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்சுக்குக் காத்திராமல் கமலவேணியே அவரைக் காரில் போட்டு நாமக்கல்லுக்குக் கொண்டுபோனாள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதே உயிர் இல்லை. "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாம்" என்றார் டாக்டர். எல்லா டாக்டர்களும் சொல்கிற சொல்தான். சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

எழவு வீட்டில் அந்தச் சொல்லை நாத்தனார் காளியாத்தாள் பிடித்துக்கொண்டாள். தம்பியைப் பறிகொடுத்தவள், வயிறு எரியத்தானே செய்யும்? "வேற ஆராச்சும் வண்டி ஓட்டியிருந்தா எந்தம்பி பொழச்சிருப்பானே! இவ ஆமையாட்டமல்ல ஓட்டுவா!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நாக்குக்கு எலும்பா இருக்கிறது? கூடியிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

கமலவேணி என்னவென்று மறுப்பாள்? அன்றைக்குப் போன வழியே அவளுக்கு நினைவில்லை. தட்டில் கவிழ்ந்த ரசம் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் ஆசுபத்திரி வாசல். நடுவில் ஒன்றுமே இல்லை. வழக்கம்போலத்தான் உருட்டிக்கொண்டு போயிருப்போம், வேறு எப்படி ஓட்டத் தெரியும் நமக்கு என்று அவளே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். 'நான்தான் கொன்றுவிட்டேன்' என்பது அவளுக்குள் வலிகூட இல்லாமல் கிடந்தது. அழுகை வரவில்லை, பசியும் வரவில்லை. காளியாத்தாள் திட்டினாளே தவிர, பட்டினி போடவில்லை. தினமும் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்து வைப்பாள். வைத்ததை இவள் தின்பாள். உப்பு போட்டிருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாது.

சித்திரையில் மகள் அபிநயா பெங்களூரிலிருந்து போன் செய்து, காரை விற்றுவிடலாம் என்றாள். "செரி" என்றாள் கமலவேணி. அவளுக்கு இப்போது எல்லாமே சரிதான். விற்கப்போகிற வண்டியாச்சே என்று உறையை விலக்கிப் பார்த்தால், எஞ்சினுக்குக் கீழே தோசைக்கல் அகலத்துக்குக் கறுப்பாக எண்ணெய் பரவிக் கிடந்தது.

மெக்கானிக் பொன்னனைக் கூப்பிட்டாள். அந்தக் காரில் கை வைக்கிறவன் எப்போதும் அவன்தான். ஆசுபத்திரி வாசலில் அவள் விட்டுவந்த வண்டியை அன்றைக்கு வீட்டுக்கு ஓட்டி வந்ததும் அவன்தான். குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அடியெல்லாம் எண்ணெயும் மண்ணுமா அப்பிக் கெடக்குதுங்க்கா. கசியற எடம் ஒண்ணு, சொட்டற எடம் ஒண்ணு. வண்டி போற காத்துல எண்ணெய் பின்னால ஓடி வந்துரும். அத நம்பி கை வெச்சா ஏமாந்துருவோம்."

வண்டியை வாட்டர் சர்வீசுக்குக் கொண்டுபோய் அடிப்பக்கத்தைச் சுத்தமாகக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தினான். பிறகு, நாமக்கல் பக்கம் எந்த வீட்டிலும் கிடைக்கிற காகித முட்டை அட்டை ஒன்றை எஞ்சினுக்கு நேர் கீழே தள்ளினான்.

"ராவெல்லாம் கெடக்கட்டுமுங்க. எந்தக் குழி கறுக்குதோ அதுக்கு நேர் மேலதான் ஓட்டை."

மறுநாள் காலையில் ஒரே ஒரு குழி கறுத்திருந்தது. கமலவேணி அதைப் பார்த்தாள். பார்க்கச் சொன்னான், பார்த்தாள். அவ்வளவுதான்.

பொன்னன் வந்து சாக்கை விரித்து, செல்போன் வெளிச்சத்தோடு அடியில் நுழைந்தான். பிறகு, "அட கடவுளே!" என்றான்.

"என்ன சாமி?"

"சம்புங்க்கா. எஞ்சினுக்கு அடியில எண்ணெய் நிக்கற தொட்டி. நசுங்கி, மயிரிழையா கீறல் விட்டிருக்குது. ஒரு அடியில்லீங்க, மூணு நாலு எடத்துல செராச்சிருக்குது. வேகத்தடைக்கு அடிக்கற மஞ்சப் பெயிண்டு அப்பிடியே ஒட்டிக் கெடக்குதுங்க."

"எப்பிடி ஆச்சு?"

அவன் வெளியே நகர்ந்து வந்து உட்கார்ந்தான். "பொங்கலுக்கு முன்னாடிதான் நானே இதுக்கடியில படுத்து ஆயில் மாத்துனேன். அப்ப மொழுமொழுன்னு இருந்துச்சு. அன்னைக்கு ஆசுபத்திரிக்கு வண்டியெடுக்க வந்தேன் பாருங்க, நின்ன எடத்துலயே எண்ணெய் கெடந்துச்சு. வேற எவன் வண்டியோடதோன்னு நெனச்சுட்டேன்." நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். "அக்கா, ரெண்டாவது கியர்ல போற வண்டிக்கு இந்த அடி விழுகாதுங்க. எம்பது தொண்ணூறுல பறந்து வந்து விழுந்தாத்தான் இப்பிடி. ஒரு வேகத்தடையிலயும் நீங்க பிரேக்க மிதிக்கவே இல்லீங்க."

கமலவேணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தச் சாக்கில் மல்லாந்து படுத்தாள். பொன்னன் வேண்டாமென்று சொல்லச் சொல்ல அடியில் நகர்ந்து போனாள். அவன் வெளிச்சம் காட்டினான். உள்ளங்கை அளவுக்குக் குழி விழுந்திருந்தது. பக்கத்தில் மஞ்சள் கீற்றுகள். ஒவ்வொரு சக்கரமாக இறக்குவாளே, அதே வேகத்தடைகளின் மஞ்சள். ஒரு விரலால் தடவினாள். பிறகு கை முழுவதையும் வைத்து அழுத்திக்கொண்டாள். போன வழி இப்போதும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் போனது அவள்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் காளியாத்தாள் தூக்குப்போசியோடு வந்தாள். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பதறிப்போனாள். "ஐயோ கமலா! என்ன புள்ள ஆச்சு?"

"நா வெரசாத்தான் போயிருக்கறனுங்க" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "ஒரு எடத்துலயும் நிக்காமத்தான் அவரக் கொண்டுபோயிருக்கறனுங்க." சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்து, இத்தனை மாதமும் வராத அழுகை ஓவென்று வந்தது.

காளியாத்தாளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பொன்னன்தான் கறுத்த குழியைக் காட்டி, மஞ்சள் பெயிண்டைச் சொல்லி, மெதுவாக விளக்கினான். அவள் கடைசிவரை கேட்டாள். போசியைக் கீழே வைத்தாள். எண்ணெய்த் தரை என்றும் பாராமல் உட்கார்ந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த தம்பி பெண்டாட்டியின் கால்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.