கருவாட்டுப் பாயில் காய்ந்த கரி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடி நின்றால் எனக்குப் பேச்சு வராது. அதனாலோ என்னவோ, மீள்குடியேறி வந்த பிறகு தலைமன்னார்க் கரையில் கிடைத்த காற்று அடிக்கும் கொம்பிரசர் இயந்திர வேலை பிடித்துப்போனது. அது போடுகிற சத்தத்தில் யாரும் என்னோடு கதைக்க முடியாது.

கடலட்டை பிடிக்கச் சுழியோடுகிறவர்கள் முதுகில் கட்டிப்போகும் சிலிண்டர்களுக்குக் காற்று அடித்துக் கொடுப்பேன். அவர்களில் ஒருவன் என் மனைவியின் தம்பி. அகதி முகாமில் இருந்த காலமெல்லாம் கடலைக் காணாமல் இளைத்துப்போனவன், ஊர் திரும்பிய முதல் நாளே உடுப்போடு போய்க் கடலில் விழுந்தான். அவன் கீழே இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் என் கையால் போகிறது என்பதில் எனக்கு வெளியே சொல்லாத ஒரு பெருமை.

கொம்பிரசரின் பக்கத்தில் நிற்கும் இரும்புக் குழாய்தான் பில்டர். அதற்குள் ஈரத்தை இழுக்கும் வெள்ளை மணிகள் பாதி, எண்ணெய் ஆவியையும் மணத்தையும் பிடிக்கும் கரி பாதி. இயந்திரம் ஓடும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் கொம்பிரசர் அறைக் கதவில் சோக்கட்டியால் ஒரு கோடு போடுவேன். கோடுகள் கதவின் கீழ் மூலைக்கு வந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

ஒருமுறை கோடு மூலைக்கு வந்துவிட்டது. மணிகள் கையிருப்பில் இருந்தன. கொழும்பிலிருந்து வரவேண்டிய கரி வரவில்லை. கடலோ அடி தெரியத் தெளிந்து கிடந்தது. "கரி வரும்வரை காற்று இல்லை" என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. பழைய கரியைக் கொட்டிப் பார்த்தேன். ஈரமாகத் தெரிந்தது. வெயிலில் போட்டால் நெல் தேறுகிறது, மீன் தேறுகிறது, கரி தேறாதா? கரையோடு ஒட்டிய எங்கள் வீட்டு முற்றத்தில் மனைவி திருக்கைக் கருவாடு போட்டிருந்த பாயில் பாதி இடம் கிடந்தது. அங்கே பரப்பினேன். பின்னேரம் அள்ளிப் பில்டரில் நிரப்பிச் சிலிண்டர்களுக்குக் காற்று அடித்தேன்.

அடுத்த நாள் வள்ளம் வழக்கத்தைவிட நேரத்தோடு திரும்பிவிட்டது. மச்சான் இறங்கி மணலில் இருந்தான். முகம் வெளிறிக் கிடந்தது. வழியில் வாந்தி எடுத்தானாம்.

"என்ன அத்தான், சிலிண்டருக்குள்ள கருவாட்டுக் குழம்போ காய்ச்சினனீங்கள்? வாயெல்லாம் திருக்கை. தலை இடிக்குது."

"அக்கான்ர சமையல் கடலுக்கு அடியிலயும் உன்னை விடாது போல," என்றான் கூட வந்த ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

மனைவி சிரிக்கவில்லை. பாயைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "எனக்கு இருக்கிறது ஒரு தம்பி," என்றாள். அவ்வளவுதான்.

அதற்குள் பகிடி விட்ட அந்த ஆள் மற்றொரு சிலிண்டரைத் தோளில் ஏற்றினான். "நாத்தம்தானே, மூக்கைப் பொத்திக்கொண்டு போவம். கடல் இப்பிடிக் கிடக்கேக்க வீட்ட இருக்கேலுமே?"

"போகாதேங்கோ," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பிரச்சினை மணம் இல்லை. கரி செத்துப்போச்சு. மணத்தைப் பிடிக்காத கரி எண்ணெயையும் பிடிக்காது, அது உங்கட நெஞ்சுக்குள்ள போகும். பழசைக் காயவைச்சுப் போட்டனான். பிழை என்னில."

அத்தனை பேருக்கு முன்னால் நான் அவ்வளவு பேசியதே இல்லை. அவன் சிலிண்டரை இறக்கினான். நான் ஒவ்வொன்றாகத் திறந்து காற்றை வெளியே விட்டேன். கரையெல்லாம் கருவாடு மணத்தது. எங்கிருந்தோ மூன்று நாய்கள் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து நின்றன. தலையைப் பிடித்திருந்த மச்சானே சிரித்துவிட்டான்.

நாலாம் நாள் புதுக் கரி மூடி திறக்காத தகரத்தில் வந்தது. கடல் அதற்குள் கலங்கத் தொடங்கியிருந்தது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. பழைய கோடுகளை அழித்துவிட்டு முதல் சிலிண்டரை நிரப்பினேன். மச்சான் வந்து வால்வைக் கொஞ்சம் திறந்து மூக்கை வைத்தான். மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள்.

"ஒரு மணமும் இல்லை, அத்தான்," என்றான். "உப்பில்லாத கஞ்சி மாதிரிக் கிடக்கு."

சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வள்ளத்துக்கு நடந்தான்.